கந்தூரியும் முன்னோர் படையலும் நீதிமன்றம் ஏறிய கதை

சட்டப் புத்தகத்தைப் பார்த்து நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார் என்பது பொதுவான எண்ணம். அந்தப் புத்தகத்தைப் படிக்கும் கண்ணில் அவர் வளர்ந்த பண்பாடு ஒட்டிக்கொண்டிருக்காதா? மலேசிய, சிங்கப்பூர் மண்ணிலேயே இதற்குப் பழைய சான்றுகள் உண்டு.

1807ல் பினாங்கிற்கும், 1826ல் சிங்கப்பூர், மலாக்காவையும் சேர்த்தும் அரச சாசனத்தின் வழி நீதிமன்றம் வந்தது. நடைமுறைக்கு வந்தது இங்கிலாந்துச் சட்டம். ஆனால் இங்குள்ள மக்களின் சமயமும் பழக்கவழக்கமும் இடங்கொடுக்கும் அளவை நீதிமன்றம் கவனிக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இருந்தது. அந்த அளவை யார் முடிவு செய்வது? கப்பலேறி வந்த ஆங்கிலேய நீதிபதிதான்.

1867ல் ஒரு சீனரின் சொத்து வழக்கு தலைமை நீதிபதி சர் பென்சன் மேக்ஸ்வெல் முன் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பது அவருடைய நாட்டுச் சட்டம். ஆயினும், சீனர் வழக்கத்தை மதித்து, இரண்டாந்தாரமும் விதவையே, அவருக்கும் பங்குண்டு என்றார். 1908ஆம் ஆண்டின் 'ஆறு விதவைகள்' வழக்கும் இதே வழியில் சென்றது. தாராள மனந்தான். ஆனால் சீன வழக்கப்படி சொத்து ஆண் மக்களுக்குப் போகும்; மூத்தாளும் இளையாளும் ஒரே தகுதி உடையவர்களும் அல்லர். நீதிபதிகளோ, விதவைக்குரிய மூன்றில் ஒரு பங்கு என்னும் ஆங்கிலேயக் கணக்கை எடுத்து, மனைவியர் எல்லாருக்கும் சரிசமமாகப் பிரித்தனர். சீன வழக்கமும் அல்லாமல், ஆங்கில வழக்கமும் அல்லாமல் மூன்றாவதாக ஒன்று பிறந்தது! இளையாள் ஒருத்திக்கு அது வாழ்வு கொடுத்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அதே மேக்ஸ்வெல் 1869ல் வேறு முகம் காட்டினார். இறந்த பின் தமக்கும் முன்னோருக்கும் படையல் நடக்க வேண்டும் என்று சீனர் ஒருவர் சொத்து எழுதி வைத்திருந்தார். ஆங்கிலச் சட்டப்படி சொத்தைக் காலமெல்லாம் கட்டிப்போட முடியாது. தர்ம காரியத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. படையல் தர்மமா? பொதுமக்களுக்குப் பயனில்லை, ஆகவே தர்மமில்லை என்பது தீர்ப்பு.

1871ல் பினாங்கில் முகமது நூர்தீன் என்ற செல்வந்தரின் உயில் வழக்காடு மன்றத்துக்கு வந்தது. தம் பெயரில் கந்தூரி நடத்த அவர் ஒதுக்கிய சொத்துக்கும் அதே கதி. கந்தூரி என்றால் என்னவென்று தமிழருக்குச் சொல்லவேண்டியதில்லை. சோறு ஆக்கிப் பலருக்கும் போடுவதைத் தர்மம் என்று சொல்லித்தான் நாகூர் முதல் பினாங்கு வரை மக்கள் வளர்ந்தார்கள். ஆங்கிலேய நீதிபதியின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? 1875ல் பினாங்கின் மற்றொரு படையல் வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே நீதிபதிகள் சீனப் படையலைக் கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காக நடத்தும் பூசையோடு ஒப்பிட்டனர். இறந்தவர் ஆன்மாவுக்கான பூசைக்கு எழுதி வைக்கும் பணத்தை மூடநம்பிக்கைக்கு உரியதென்று 1835ல் இங்கிலாந்து நீதிமன்றமே தள்ளியிருந்தது. புராட்டஸ்டண்டு நாட்டின் பழைய சமயச் சண்டை அது. அதன் நிழல் கடல் கடந்து பினாங்கு வரை விழுந்தது. பொதுப்பயன் என்ற சொல் எல்லா இனத்துக்கும் பொதுவான அளவுகோல் என்று அந்த நீதிபதிகள் மனமார நம்பியிருக்கலாம்.

பிற்பாடு இங்கிலாந்திலேயே காற்று மாறியது. கத்தோலிக்கப் பூசைக்கு எழுதிய பணம் செல்லும் என்று 1919ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்து 1835ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒதுக்கியது. பினாங்கில் நூர்தீனின் கந்தூரி செல்லாது என்று சொல்லி அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.