தருமியின் பரிசும் மூன்று சிப்பிக் குவியலும்

புதிர்ப் போட்டிக்கு நடுவராக யாரைப் போடுவது? கல்லூரி விழா நடத்தியவர்களுக்குத் தெரியும், புதிர் தயாரிப்பதை விடப் பெரிய தலைவலி இதுதான். இது நேற்றைய பிரச்சினை இல்லை, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தருமி கதை எல்லோருக்கும் தெரியும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் புலம்புவதைப் பார்க்காதவர்கள் குறைவு. சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது அசல் புதிர்ப் போட்டி. பாண்டியன் மனதில் ஒரு சந்தேகம், அதைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். ஆனால் விதிமுறைகளைப் பாருங்கள்! கேள்வி ராஜாவின் மனதுக்குள் இருக்கிறது, சரியான விடை எது என்று சொல்லப் போகிறவரும் அவரே. தருமி கொண்டு வந்ததோ இன்னொருவர் எழுதிய பாட்டு. ராஜா சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு நக்கீரர் எழுந்து பொருளில் குற்றம் சொல்கிறார். மேல்முறையீட்டுக்கு வந்தவரோ பாட்டை எழுதியவரே. இறைவன் என்று தெரிந்தும் நக்கீரர் தீர்ப்பை மாற்றவில்லை. நக்கீரரை எனக்குப் பிடிக்கும். ஆனால் எல்லாப் போட்டிக்கும் நக்கீரர் கிடைப்பாரா?

இதே நக்கீரர் போட்டியாளராக நிற்கும் கதை இறையனார் களவியல் உரையில் இருக்கிறது. ஒரே நூலுக்கு 49 புலவர்கள் உரை எழுதிவிட்டு, எது சிறந்தது என்று முட்டிக்கொள்கிறார்கள். நடுவராக வந்தவர் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து, வாய் பேசாத பிள்ளை. ஒவ்வொருவராக உரையைப் படிக்கிறார்கள். மருதனிளநாகனார் படித்தபோது சில இடங்களில் மட்டும் பிள்ளைக்குக் கண்ணீர் வந்தது. நக்கீரர் படித்தபோது சொல்லுக்குச் சொல் வந்தது. நடந்ததா என்று கேட்காதீர்கள், அது புராணக் கதை. ஆனால் அதைச் சொன்னவர்களின் தேவை புரிகிறது: யாருக்கும் வேண்டியவனாக இல்லாத, யாரும் பேசி மயக்க முடியாத நடுவர்.

அப்படி ஆள் கிடைக்காவிட்டால்? அதற்கு விடை எங்கள் கடற்கரையில் இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை தூத்துக்குடிக்குப் பக்கத்தில்தான். பிற்காலத்தில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பில் கூலி பணமாக இல்லை, சிப்பியாக. மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்தால் பொழுது விடிந்துவிடும். அதிகாரி பிரித்தால் குளியாளிகள் நம்ப மாட்டார்கள், குளியாளிகள் பிரித்தால் அதிகாரி நம்ப மாட்டார். எனவே படகுக்காரர்களே சிப்பியை மூன்று குவியலாகப் போட வேண்டும். எந்த இரண்டு அரசுக்கு என்று அதிகாரி காட்டுவார், மீதி அவர்களுக்கு. ஒரு குவியலைப் பெரிதாக்கினால் அது அதிகாரியிடம் போய்விடும். அதனால் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவன் கூட மூன்றையும் சமமாகப் போட்டே ஆக வேண்டும்.

வீட்டில் அண்ணன் முறுக்கை உடைக்க, தம்பி முதலில் எடுப்பதும் இதே கணக்குதான். போலந்துக் கணித மேதை ஹியூகோ ஸ்டைன்ஹாஸ் 1940களில் இதைப் பெரிய புதிராக வளர்த்தார். பலபேர் இருந்தால் எப்படிப் பங்கிடுவது என்பது கேள்வி. வணிகவியல் படிக்கிற எங்களுக்குத் தணிக்கைப் பாடத்தில் வருவதும் கிட்டத்தட்ட இதுவே: கணக்கு எழுதுகிறவர் கையில் கல்லாச் சாவி இருக்கக் கூடாது. (தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவோம் :-))

ஆட்டையைப் போட வழியே இல்லையா என்றால், இருந்தது. கரைக்கு வருவதற்குள் படகிலேயே சிப்பியைத் திறந்து முத்தை எடுத்துவிடுவார்கள். குவியல் முறையால் அதைத் தடுக்க முடியவில்லை. இன்றைய போட்டிகளிலும் ஓட்டை அங்கேதான். 2009இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த சுடோகு போட்டியில், தகுதிச் சுற்றில் மின்னல் வேகத்தில் முடித்த ஒருவர் மேடையில் திணறினார். நடுவர்கள் பிறகு அவரைத் தனியாக உட்கார வைத்துப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வேகம் வரவில்லை, பரிசு போயிற்று.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அந்தக் காலத்தில் அரசின் இரண்டு பங்கும் ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். குளியாளி தன் பங்கை வெளியே வந்ததும் சில்லறையாக விற்றுவிடுவான். உள்ளே முத்து இருந்ததா என்பது, சிப்பி அழுகித் திறந்த பிறகு, வாங்கியவனுக்குத்தான் தெரியும்.