பத்து இலை சொல்லி ஏழு பேர் வந்தால்...! (ஒரு சாப்பாட்டுக் கணக்கின் வரலாறு)

சிதம்பரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டம் அலைமோதும். ஒன்று மார்கழி மாதத்து ஆருத்ரா தரிசனம். இன்னொன்று ஆனித் திருமஞ்சனம். இந்த நாட்களில் வேன் பிடித்து வரும் குழுக்கள், காலையில் நடராஜர் தரிசனம், மதியம் சாப்பாடு, சாயங்காலம் பிச்சாவரம் படகு சவாரி, திரும்பும் வழியில் கடலூர் சில்வர் பீச் என்று திட்டம் போடுவது வழக்கம். மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு மெஸ்ஸில் முன்கூட்டியே "பத்து இலை" என்று சொல்லி வைப்பார்கள். கிளம்பும் அன்று காலையில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை, ஒருவர் வீட்டில் விருந்தாளி. வேனில் ஏறுவது ஏழு பேர்!

மீதி மூன்று இலைச் சாப்பாட்டின் நஷ்டம் யாருக்கு? சொன்னவருக்கா, சமைத்தவருக்கா? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் ஆயிரம் வருடங்களாக இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்கள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சோழர் காலத்துக் கணக்கு

1993ல் பிரிக்கப்படும் வரை கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்தது பழைய தென்னாற்காடு மாவட்டம். அதில் அடங்கியிருந்த ஊர் எண்ணாயிரம் (இப்போது விழுப்புரம் மாவட்டம்). அங்கே முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டில், ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. அதைப் பற்றிய கல்வெட்டில் 340 மாணவர்களுக்கான ஏற்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. கீழ் வகுப்பு மாணவர் 270 பேர். ஆளுக்குத் தினமும் 6 நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மேல் வகுப்பினர் 70 பேர். அவர்களுக்கு ஆளுக்கு 10 நாழி.

இன்றைய வணிகவியல் பாஷையில் சொன்னால் இது ஒரு பட்ஜெட். எத்தனை தலை, தலைக்கு எவ்வளவு, அதற்கு எந்த நிலத்தின் வருமானம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அளப்பதும் நெல்லாகத்தான், சமைத்த சோறாக இல்லை. இது முக்கியமான வித்தியாசம். ஒரு மாணவன் ஊருக்குப் போய்விட்டாலும் அவன் பங்கு நெல் களஞ்சியத்தில் கெடாமல் இருக்கும். சோறாக மாறிய பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்கிறது.

எண்ணிக்கையே கேட்காத அடுப்பு

அடுத்த பதில் சத்திரங்களுடையது. ராமேஸ்வரம் யாத்திரைப் பாதையில் தஞ்சை மராட்டிய அரசர்கள் பல சத்திரங்களைக் கட்டினார்கள். அந்தச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாமல் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுச் சோறு போடும் வழக்கம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே ரிசர்வேஷனும் கிடையாது, கேன்சலேஷனும் கிடையாது. பத்து பேர் வந்தாலும் சரி, ஏழு பேர் வந்தாலும் சரி, மானிய நிலம் தாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட சத்திரச் சொத்துக்களை மேற்பார்வை பார்க்க, சென்னை மாகாணத்தில் கும்பெனி அரசு 1817ல் 7ஆம் ரெகுலேஷன் என்ற சட்டத்தையே கொண்டுவந்தது.

இதன் உச்சம் வடலூர். சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் 1823ல் பிறந்த வள்ளலார் ராமலிங்க அடிகள், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் பஞ்சம் உலுக்கியிருந்தது. பார்வதிபுரம் கிராமத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் கேட்காமல் பசி ஒன்றையே தகுதியாக வைத்து நடக்கும் இடம் அது. அங்கே "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. வருபவர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதால், ஒரு குழுவில் மூன்று பேர் குறைந்தாலும் அந்தச் சோற்றைச் சாப்பிட வேறு மூன்று பேர் இருப்பார்கள். தினமும் பெரும் கூட்டம் சாப்பிடும் இடத்தில் தனித்தனிக் குழுக்களின் ஏற்ற இறக்கம் தானாகவே சமன் ஆகிவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிழைப்பதும் இதே தத்துவத்தில்தான்.

ரயிலும் தந்தியும்

1870களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வழியாக வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்த யாத்ரீகர்கள் இப்போது குறித்த நேரத்தில், கூட்டமாக வந்து இறங்கினார்கள். நேரம் தெரிந்தால் எண்ணிக்கையும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத் தந்தி உதவியது. ரயிலில் வரும் மேல் வகுப்புப் பயணிகளிடம் யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்று கார்டு கேட்டு, அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குத் தந்தி அடிக்கும் வழக்கம் இந்தியா முழுவதும் இருந்தது. சாப்பிட வருபவரை விட எண்ணிக்கை வேகமாகப் போய்ச் சேர்ந்த காலம் அப்போதுதான் தொடங்கியது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் தாமஸ் குக் இன்னொரு வழி கண்டுபிடித்தார். 1841ல் லெஸ்டர் நகரிலிருந்து சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துப் போனவர் அவர். 1868ல் அவருடைய நிறுவனம் ஹோட்டல் கூப்பன்களை அறிமுகப்படுத்தியது. பயணி முன்பே பணம் கட்டிக் கூப்பன் வாங்கிக்கொள்வார். தங்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் அதைக் கொடுத்தால் போதும். குழுவில் ஆள் குறைந்தால் கூப்பனும் குறையும், அவ்வளவுதான். நம் ஊர் சாப்பாட்டு டோக்கனுக்கு இதை ஒரு மேல்நாட்டு அண்ணன் என்று சொல்லலாம்!

ரயில்வே சாப்பாட்டுக் கூடங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தென்னிந்திய ரயில் நிலையங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. ஒன்றாகப் பயணம் செய்த நண்பர்கள் கூட இலைக்கு முன்னால் பிரிந்து உட்கார வேண்டும். பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941ல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பி.காம் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ல் வந்தது. அதன் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாக ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைக் குறைத்துக்கொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெஸ்காரர் அந்த மூன்று சாப்பாட்டை வேறு வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டால், நஷ்டம் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

சரி, அட்வான்ஸ் வாங்கியிருந்தால்? இதற்கு ஒரு சுவையான வழக்கு உண்டு. மௌலா பக்ஸ் என்பவர் 1947ல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய இரண்டு ஒப்பந்தங்கள் போட்டார். டெபாசிட் மொத்தம் 18,500 ரூபாய். அவர் ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை என்று அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து, டெபாசிட்டையும் எடுத்துக்கொண்டது. 1969ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. வெளியில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று காட்டி நஷ்டத்தை நிரூபித்திருக்கலாமே, நிரூபிக்காமல் முழுத் தொகையையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்று போர்டு மாட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு இது.

ஆனால் ஒரு சின்ன மெஸ்காரர் மூன்று சாப்பாட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போவாரா? மாட்டார். அரிசி, காய்கறி, கேஸ், ஆள் கூலி எல்லாவற்றையும் அன்றன்றைய வருமானத்தில் சமாளிப்பவர் அவர். மூன்று சாப்பாடு மீந்தால் அன்றைய லாபமே அதில் போய்விடலாம். ஆகவே சட்டத்தை விடத் தகவல்தான் அவருக்குப் பெரிய பாதுகாப்பு.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவை தமிழ்நாட்டுக் கல்லூரி ஹாஸ்டல்கள். மாதச் செலவைச் சாப்பிட்டவர்களின் மொத்த நாட்களால் வகுத்துப் பங்கிடும் 'டிவைடிங் சிஸ்டம்' பல ஹாஸ்டல்களில் உண்டு. ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் கழிவு கிடைக்கும். சொல்லாமல் போனால் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். அபராதம் போல் தெரிந்தாலும் இது நியாயம்தான். ஏனென்றால் அவர் சாப்பிடாத சோற்றின் விலை இல்லாவிட்டால் மற்ற மாணவர்கள் தலையில் விழும்.

நேரம்தான் விலை

மேலே பார்த்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அரிசி களையும் முன் சொன்னால் நஷ்டம் ஏதும் இல்லை. காய் நறுக்கிய பிறகு சொன்னால் கொஞ்சம் நஷ்டம். உலை இறக்கிய பிறகு சொன்னால் முழு நஷ்டம். ஆள் எத்தனை குறைந்தது என்பதை விட, எப்போது சொன்னார்கள் என்பதே கணக்கைத் தீர்மானிக்கிறது.

யாராலும் சொல்ல முடியாத நாட்களும் உண்டு. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடலூர் கரையைச் சுனாமி தாக்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரே இரவில் எல்லாப் பயணங்களும் நின்றன. நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56ஆம் பிரிவு. அப்படிப்பட்ட நிலையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது 65ஆம் பிரிவு. ஒருவருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு 45 கிலோமீட்டர்தான், வேனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வேன் கிளம்பும்போதே "அண்ணே, பத்து இல்லை, ஏழு இலை போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், காலை நேரமாக இருந்தால் அந்த மூன்று பேருக்கான அரிசி மூட்டையிலேயே இருக்கும். சொல்ல மறந்துவிட்டால், மீந்த மூன்று சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்துப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொள்வதே மரியாதை. கோயில் வாசலில் பசித்தவர்களுக்குப் பஞ்சமா என்ன!