காட்ரோடு இறக்கம் - பிரேக்கும் சைலன்சரும் வந்த வழி

மலை ஏற என்ஜின் வேண்டும். மலை இறங்க பிரேக் வேண்டும். ஏறும்போது என்ஜின் நின்று போனால் வண்டி தான் நிற்கும். இறங்கும்போது பிரேக் போனால்...?

தேனி மாவட்டம் கெங்குவார்பட்டி பக்கம் இந்தக் கேள்விக்கு அர்த்தம் அதிகம். வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில் இந்த ஊருக்கு அருகில் தான் கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிறது. அந்த இடத்துக்குப் பெயரே "காட்ரோடு". காட்டு ரோடு என்பதல்ல, ஆங்கிலத்தில் மலைவழியைக் குறிக்கும் "காட்" என்ற சொல் அது. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. போனால் கொடைக்கானல், சுமார் 7,000 அடி உயரம்!

இந்தச் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தும், குதிரையிலும், டோலியிலும் தான் மலைக்குப் போனார்கள். மேஜர் லா என்பவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த மலைச்சாலை 1914ல் முடிந்து, 1916ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மோட்டார் வண்டி மலையேறியது. அன்றிலிருந்து இறக்கமும் ஒரு பிரச்சினை ஆனது.

கம்பியில் தொங்கிய உயிர்

இருசக்கர வாகனத்தின் பிரேக் வரலாறு ஒரு கம்பியில் தொடங்குகிறது. உறைக்குள் ஓடும் கம்பியான "பவுடன் கேபிள்" 1896ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. 1902ல் பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். இந்த இரண்டும் சேர்ந்தது தான் நம் ஊர் வண்டிகளின் பிரேக். 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட், பிறகு வந்த ஜாவா, ராஜ்தூத் எல்லாவற்றிலும் முன்சக்கரத்துக்குப் பல காலம் இது தான் முறை.

1962ல் சென்னையில் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் பஸ், லாரிகளுக்கு ஏர் பிரேக் செய்தது. அதே நிறுவனம் தான் 1980ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட்டைத் தயாரித்தது! தோப்புக்கும் வயலுக்கும் வண்டிப் பாதையில் போக விவசாயிக்குக் கிடைத்த மலிவான வண்டி அது. வெளிநாட்டில் டர்ட் பைக் செய்த வேலையை இங்கே பாதி நாள் மொபெட் தான் செய்தது. ஆனால் அதற்கு கியரே கிடையாது. இறக்கத்தில் மொத்த பாரத்தையும் இரண்டு டிரம் பிரேக்குகளும், இரண்டு கேபிள்களும் தான் தாங்க வேண்டும்.

சைலன்சருக்குள் ஒரு உளவுக் கதை

சைலன்சர் சத்தத்தைக் குறைக்கும் குழாய் மட்டும் தான் என்று பலர் நினைக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் அது பாதி என்ஜின்! கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர், நடுவில் பருத்து முனையில் ஒடுங்கும் புகைக்குழாயை 1950களில் மேம்படுத்தினார். புகையோடு கிளம்பும் அழுத்த அலை அந்த ஒடுங்கிய பகுதியில் மோதித் திரும்பி, வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளும். சின்ன என்ஜினில் பெரிய இழுவை!

1961ல் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் தப்பியோடினார். அவரோடு இந்த ரகசியமும் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுசுகி வண்டியில் அவர் உலக சாம்பியன். 1984ல் அதே சுசுகியின் கூட்டில் ஓசூரில் ஏ.எக்ஸ். 100 தயாரானது. 1985ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. ஜெர்மனியில் பிறந்த நுட்பம் இப்படிச் சுற்றி வந்து நம் ஊர்த் தெருக்களை அடைந்தது.

இந்த வண்டிகளில் வழக்கமான கோளாறு கார்பன் அடைப்பு. பெட்ரோலோடு எரியும் ஆயில் சைலன்சருக்குள் கரியாகப் படியும். அடைத்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. ஆயில் அதிகம் கலந்தால் அடைப்பு சீக்கிரம் வரும், குறைத்தால் என்ஜின் ஜாம் ஆகும். சத்தத்துக்காக உள்குழாயைக் கழற்றி எறிந்தவர்கள் இழுவையையும் சேர்த்தே இழந்தார்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

பிரேக் வேறு, சைலன்சர் வேறு என்று தான் தோன்றும். மலை இறக்கத்தில் இரண்டு கதைகளும் ஒன்றாகின்றன.

ஆக்சிலேட்டரை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் வண்டியை நன்றாகப் பிடித்து இழுக்கும். டூ ஸ்ட்ரோக் அவ்வளவு பிடிக்காது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டிகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும். அதனால் நீண்ட இறக்கத்தில் என்ஜினை நம்பாமல் பிரேக்கை நம்பியே இறங்கினார்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு இறக்கியவர்களும் உண்டு. மிச்சமானது கொஞ்சம் பெட்ரோல். தேய்ந்தது பிரேக் ஷூ. டிரம் சூடேறி விரிந்தால், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும்.

மாற்றம் வந்தது புகைச் சட்டங்களால். 1985லேயே ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்திருந்தாலும், 1991, 1996, 2000 ஆண்டுகளின் புகைக் கட்டுப்பாடுகள் தான் டூ ஸ்ட்ரோக்கை ஓரம் கட்டின. ஆர்.எக்ஸ். 100 1996ல் நின்றது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும் 2015ல் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. நகரத்துக் காற்றுக்காகப் போட்ட சட்டம், மலையில் இறங்கும் கியர் வண்டிக்காரரின் பிரேக்குக்கும் ஒரு துணையைக் கொடுத்தது. இதை யாரும் திட்டமிடவில்லை என்பது தான் வேடிக்கை!

ஹோஸ் வந்த பிறகு

1969ல் ஹோண்டா சி.பி. 750 டிஸ்க் பிரேக்கைப் பரவலாக்கியது. இந்தியாவில் 1999ல் சி.பி.இசட். முன்சக்கர டிஸ்க்கோடு வந்தது. பிறகு கரடுமுரடான பாதைக்கென்றே இம்பல்ஸ் (2011), ஹிமாலயன் (2016), எக்ஸ்பல்ஸ் 200 (2019) வந்தன. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., மற்றவற்றுக்கு இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் கட்டாயமானது.

ஆனால் கம்பி போய் ஹோஸ் வந்ததால் கவலை போய்விடவில்லை. கேபிள் தேய்ந்தால் லீவர் பக்கத்து முனையில் இழை இழையாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். ஹோஸ் அப்படியல்ல. கரடு பாதை வண்டியின் முன் ஃபோர்க் அதிகமாக ஏறி இறங்கும். ஹோஸைப் பிடிக்கும் கிளிப் கழன்றால் அது டயரிலோ மட்கார்டிலோ உரசித் தேயும். வெளியே சிறு வெடிப்பு, இணைப்பில் ஈரம், லீவர் ஸ்பாஞ்ச் போல அமுங்குவது - இந்த மூன்றும் எச்சரிக்கை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகி லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது. அதனால் தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள்.

சைலன்சரிலும் அப்படியே. இறக்கத்தில் "பட் பட்" என்று வெடித்தால், சிலிண்டரோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போய் காற்று புகுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அடி வளைவில் துருப்பிடித்த ஓட்டை.

ஒரு கேஸ்கட், ஒரு ஹோஸ், ஒரு பாட்டில் பிரேக் ஆயில். மூன்றுமே வண்டி விலையோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆனால் செலவுக் கணக்கில் எப்போதும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளப்படுவதும் இவை தான். கம்பியிலிருந்து ஏ.பி.எஸ். வரை 100 ஆண்டுக்கும் மேலாக எத்தனையோ பேர் உழைத்து வண்டியை நிறுத்தக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். மலை இறங்கும் முன் ஒரு நிமிடம் குனிந்து அந்த ஹோஸைப் பார்ப்பதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் தான் ஓட்டுபவரின் பங்கு.