‘நாகம்மாள்’ நாவலும் கைம்பெண்ணின் பங்குரிமையும்

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் கு. ப. ராஜகோபாலனின் முன்னுரையோடு வெளிவந்தது. கணவனை இழந்த நாகம்மாள், மகள் முத்தாயியுடன் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். குடும்ப நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. ஊரில் அடாவடிக்காரன் என்று பெயரெடுத்த கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம் ஏற்படுகிறது. பங்கு கேட்கும் எண்ணமும் வலுக்கிறது. சின்னப்பன் கெட்டவன் அல்லன். அண்ணியைப் பட்டினி போட்டவனும் அல்லன். ஆனாலும் அவன் கெட்டியப்பன் கையால் அடிபட்டுச் சாவதோடு கதை முடிகிறது.

தமிழின் முதல் வட்டார நாவல் என்று இதைப் பலரும் குறிப்பிடுகின்றனர். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் கொங்குப் பேச்சின் அழகில் லயித்துவிடும் வாசிப்பு, நாகம்மாளை வெறும் அடங்காப்பிடாரியாக எண்ணி நகர்ந்துவிடக்கூடும். கதையின் அச்சாணி பாகப்பிரிவினை. அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அவளுடைய சண்டைக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது.

முதலில் நிலம். பழனி மலைக்கு வடக்கே, கதை நடக்கும் கொங்குச் சமவெளி மழை மறைவில் காய்ந்து கிடக்கிறது. அங்கே ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த வனம் அல்ல, மானாவாரி நிலம். கிணறு உள்ள நிலமே ‘தோட்டம்’. மின்மோட்டார் வருமுன் அந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தது கவலை: இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தோல்பை கொண்ட சால் மேலேறி வாய்க்காலில் கொட்டும். இப்படிச் சால் சாலாக இறைத்துப் பண்ணையம் பார்த்த ஊரில் தோட்டத்தைப் பிரிப்பது கிணற்றையும் கவலையையும் முறை வைத்துப் பிரிப்பதாகும். உழைக்கும் ஆண் துணை இல்லாத பெண்ணுக்குப் பங்கு கிடைத்தாலும் அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். கெட்டியப்பன் அவள் வாழ்க்கைக்குள் நுழைந்த வாசலை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது சட்டம். பழைய இந்துச் சட்டத்தின் மிதாட்சர முறைப்படி, பிரியாத குடும்பத்தில் ஒருவன் ஆண் வாரிசின்றி இறந்தால் அவனுடைய பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேரும். மனைவிக்குக் கிடைப்பது ஜீவனாம்சம் மட்டுமே. 1937ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இதை மாற்றியது. கணவனின் பங்கைக் கைம்பெண் ஆயுள்வரை அனுபவிக்கலாம். ஆணைப் போலவே பாகம் பிரிக்கவும் கோரலாம். ஆனால் சட்டம் வருமுன் இறந்தவர்களின் சொத்துக்கு அது பொருந்தாது. விவசாய நிலத்தில் அச்சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கு நீட்டித்தது 1947இல்தான். நாவல் அச்சேறிய 1942 இந்த இடைவெளிக்குள் விழுகிறது. பங்கு என்ற சொல் காற்றில் வந்துவிட்டது. காடும் தோட்டமும் மட்டுமே சொத்தாக உள்ள நாகம்மாளுக்கு அது கைக்கு எட்டவில்லை. நாவலாசிரியர் இந்தச் சட்டங்களை மனத்தில் கொண்டு எழுதினார் என்று சொல்லவேண்டியதில்லை; ஊர் வாய்க்குச் சட்டப்புத்தகம் தேவையில்லை.

கேட் சோபின் 1899இல் வெளியிட்ட ‘தி அவேக்கனிங்’ நாவலின் எட்னா இங்கே நல்ல ஒப்பீடு. இரண்டு மகன்களின் தாயான அவள் கணவனின் மாளிகையை விட்டு ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்கிறாள். அதற்குத் தாய்வழிச் சொத்தும், குதிரைப் பந்தயத்தில் வென்ற பணமும், ஓவிய விற்பனையும் கைகொடுக்கின்றன. அவளும் அழிகிறாள், கடலில். ஆனால் வீட்டைவிட்டு வெளியேற அவளிடம் கைக்காசு இருந்தது. நாகம்மாள் கொழுந்தனின் வாசலைத் தாண்ட வேண்டுமானால் கொழுந்தனிடமே கேட்க வேண்டும்.

பின்னாளில் தமிழ் நாவலின் தாய்க்குச் சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் அலங்காரத்தம்மாள் நிலம் எதையும் கேட்கவில்லை. வேத பாடசாலைக்கு அனுப்பிய மகன் அப்புவின் வழியாக, மணத்துக்கு வெளியே தான் கொண்ட உறவின் பாவம் தீரும் என்று நம்பி, அதுவும் கைகூடாமல் காசிக்குப் போகிறாள். அவளுடைய கணக்கு மகனோடும் மனசாட்சியோடும். நாகம்மாளின் கணக்கு வரப்போடு.

அந்த வரப்புக் கணக்கைச் சட்டம் பிறகு திருத்தியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கைம்பெண்ணின் ஆயுள்கால அனுபவத்தை முழு உடைமையாக்கியது. 1989இல் தமிழ்நாடு, அதுவரை மணமாகாத மகள்களைப் பிறப்பால் பங்காளியாக்கியது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைத் தந்தது. நாகம்மாளின் கணவன் 1956 சட்டத்துக்குப் பின் உயில் எழுதாமல் இறந்திருந்து, அண்ணன் தம்பி இருவரே பங்காளிகளாகவும் மாமியார் உயிரோடு இல்லாமலும் இருந்திருந்தால், நிலத்தில் சின்னப்பனுக்கு அரைப் பங்கு, நாகம்மாளுக்குக் கால், முத்தாயிக்குக் கால்.