தகரச் சீட்டிலிருந்து காப்பீட்டு அட்டை வரை

மதுரையைச் சுற்றிய வறண்ட சமவெளியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வரலாற்றைப் படிக்கையில் ஒரு சிறிய பொருள் என்னை எப்போதும் தடுத்து நிறுத்தும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளியிடம் தரப்பட்ட தகர வில்லை அது. தகரச் சீட்டு என்று அதற்குப் பெயர். அவர் எந்தத் தோட்டத்துக்குரியவர், வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதை அதில் பொறித்த எண் சொல்லிவிடும்.

அந்த வில்லையோடு அவர் போய் இறங்கிய இடம் மண்டபம். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் அதுவே பெருவழியாயிற்று. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தொழிலாளர்களைச் சில நாட்கள் ஒதுக்கி வைத்தார்கள். உடலைச் சோதித்தார்கள், அம்மை குத்தினார்கள், பிறகே கப்பலேற்றினார்கள். காலராவும் பிளேக்கும் தோட்டங்களுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதே கவலை. நம் பக்கத்து ஏழையின் வாழ்வில் அடையாளச் சான்றும் அரசு மருத்துவமும் இவ்வாறு கைகோர்த்தே நுழைந்தன. இரண்டும் அவர் கேட்டுப் பெற்றவை அல்ல.

கேட்டபோது கிடைக்கவில்லை என்பதுதான் கதையின் அடுத்த பகுதி. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ முன்னோரோ அம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. எண் பொறித்து எடுத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் பிறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களாயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. எஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக ஏற்றன. திரும்பியவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் ‘குடும்ப அட்டை’ ஒன்றை வழங்கியது. மறுவாழ்வு உதவிக்கு அதுவே ஆதாரம்.

1984-இல் கப்பல் நின்றது. 1983 கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்த மலையகத் தமிழர் பலர், தாயகம் திரும்பியோர் என்று பதிவாகாமல் அகதிகள் என்றே பதிவாயினர். வடக்கு, கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்களோடு அவர்களும் தமிழகமெங்கும் முகாம்களில் அமர்ந்தனர். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் அத்தகைய முகாம்கள் உள்ளன. 2021-இல் அவற்றின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. உள்ளிருப்போரின் சட்டநிலை மாறவில்லை.

இவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் என்ன ஆகும்? மதுரையில் ‘பெரியாஸ்பத்திரி’ என்றே வழங்கும் இராஜாஜி மருத்துவமனை, 1940-இல் எர்ஸ்கின் ஆளுநரின் பெயரோடு எழுந்தது. அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு குடியுரிமையைக் கேட்பதில்லை. அட்டையின் ஆட்சி தொடங்குவது செலவு மிகுந்த சிகிச்சைகளில். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. குடும்ப அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய், பின்னர் 1,20,000.

இந்த இடத்தில் தமிழக அரசு செய்த ஒன்றை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். முகாம்களில் பதிவுபெற்ற இலங்கை அகதிகள், வருமான வரம்பின்றியே இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குமேல் இங்கு வசிக்கும் பிற மாநிலத்தவரும் உரிய சான்றுடன் சேரலாம். அதாவது, ‘நீ எந்நாட்டவன்’ என்ற கேள்வியின் இடத்தில் ‘நீ இங்கே வாழ்கிறாயா’ என்ற கேள்வி வந்தது. இது கருணையால் மட்டும் நியாயமாவது அல்ல. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உயிருக்கான உரிமையைக் ‘குடிமகனுக்கு’ என்று சொல்லாமல் எந்த ‘நபருக்கும்’ என்றே சொல்கிறது. ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளியைப் பல அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய வங்காள வழக்கில், அது அப்பிரிவை மீறிய செயல் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

எதிர்வழியில் சென்ற நாடும் உண்டு. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் உதவிக்குக் குடியுரிமை ஆவணம் கட்டாயம் என்ற விதி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் வெளிநாட்டவரைத் தடுப்பது. அடுத்த ஆண்டே, பயனாளர் எண்ணிக்கை குறைந்ததாகப் பல மாநிலங்கள் தெரிவித்தன. உதவி தாமதமானோரிலும் இழந்தோரிலும், பிறப்புச் சான்றைத் தேடியெடுக்க இயலாத, தகுதியுள்ள குடிமக்களே மிகுதி. சான்று என்னும் சல்லடையில் முதலில் சிக்குபவன் அந்நியன் அல்லன், ஏழை. குடும்ப அட்டையில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொரு முன்னெழுத்துமாக, ஒரு நாள் கூலியை விட்டு அலுவலகத்துக்கு அலையும் நம்மூர்க் கிழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் தமிழகத்தின் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழும் அகதிக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும், இது மாநில அரசின் முடிவேயன்றிச் சட்டம் தந்த உரிமை அன்று. குடியுரிமைக் கதவோ இன்னும் இறுகியே இருக்கிறது. 2019 ஜூனில், திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழரின் வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவுபெற்றோருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025-இல் விலக்குக் கிடைத்தது. அதுவும் குடியுரிமை ஆகாது.

2022-இல் அதே மதுரைக் கிளை, முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்கிறது சட்டம். அவர் பிறந்தது 1986-இல். பிறந்த இடம் மண்டபம். தகரச் சீட்டோடு மனிதர்களை எண்ணி அனுப்பிய அதே மண்டபத்திலிருந்து, ஒரு நூற்றாண்டு கழித்து, ஒருவர் கையில் அவருக்கே பயன்படும் சான்றாக ஒரு பிறப்புச் சான்றிதழ் வந்தது. அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்களுடைய வழக்குகள் எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் நடக்கட்டும். அவர்களின் சிகிச்சை தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதையாவது நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.