இல்லாத சுவர்

1947 அக்டோபர் 14 அன்று கலிபோர்னியப் பாலைவனத்துக்கு மேலே, பெல் எக்ஸ்-1 விமானத்தில் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஐந்தே ஆண்டுகளில் அந்தச் சாகசம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வேடிக்கையாகிவிட்டது. 1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. லண்டனுக்குத் தென்மேற்கே ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் லட்சத்துக்கும் அதிகமான கூட்டம். சோதனை விமானி ஜான் டெரி, டி ஹாவிலண்ட் 110 ரகப் போர் விமானத்தை ஏறத்தாழ 40,000 அடி உயரத்திலிருந்து திடலை நோக்கிப் பாய்ச்சினார். வெடிச்சத்தம் கேட்டது. பிறகு விமானம் தாழ வந்து, திரும்பி, கூட்டத்தை நோக்கி மேலெழும்போது துண்டுதுண்டானது. பிய்ந்து பறந்த எஞ்சின்களில் ஒன்று, மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. பார்வையாளர்களில் 29 பேரும், டெரியும், அவருடன் பறந்த டோனி ரிச்சர்ட்ஸும் மாண்டார்கள். சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே செப்டம்பர் 6-இல்தான், ஒலியை முந்திய முதல் பிரிட்டிஷ் விமானி என்ற பெயரை டெரி பெற்றிருந்தார்.

ஒலித்தடை அவரைப் பழிவாங்கிவிட்டது என்று எண்ணத் தோன்றும். சத்தம் கேட்டது, விமானம் உடைந்தது. இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் நேரமாகாது. ஆனால் கணக்குப் போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. ஒலியின் வேகம் தரைமட்டத்தில் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்தின் கடுங்குளிரில் சுமார் 1,060. டெரியின் விமானம் பாய்ச்சலில் மட்டுமே அதை முந்தக்கூடியது. கூட்டம் கேட்ட சத்தம் எங்கோ உயரத்தில் பிறந்து, அரை நிமிடத்துக்கு மேல் பயணம் செய்து கீழே வந்து சேர்ந்த பழைய செய்தி. சிதறியபோது விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர்தான். எந்தத் தடையைப் பலரும் கொலையாளி என்று நினைத்தார்களோ, அதைத் தாண்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகுதான் அந்த விமானம் உடைந்தது. இறக்கையின் முன்விளிம்புப் பகுதி, ஒரே நேரத்தில் உருண்டும் மேலெழுந்தும் திரும்பும்போது ஏற்படும் முறுக்கைத் தாங்கவில்லை என்பதே விசாரணையில் தெரியவந்தது. வெளி இறக்கை கழன்றதும் விமானம் சுழன்ற வேகத்தில் எஞ்சின்கள் பிடுங்கிக்கொண்டு பறந்தன.

அப்படியானால் தடை என்பதே கட்டுக்கதையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1946 செப்டம்பரில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இளையவர் டி.எச். 108 விமானத்தில் பறந்து மடிந்தது ஒலிவேகத்தை நெருங்கும்போதுதான். அந்த வேகத்தில் இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றில் அங்கங்கே அதிர்வலைகள் முளைக்கின்றன; இழுவை திடீரென்று எகிறுகிறது; விமானி திருப்பும் திசைக்கு விமானம் திரும்ப மறுக்கிறது. இதெல்லாம் மெய். ஆனால் இது பழைய இறக்கைக்கும் புதிய வேகத்துக்கும் இருந்த பொருத்தமின்மை. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தும், வால் முழுவதையும் அசையும்படி அமைத்தும் தீர்க்கப்பட்ட சிக்கல். 1935-இல் ஹில்டன் என்ற ஆய்வாளர், இழுவை செங்குத்தாக ஏறும் வரைபடம் ஒன்றைக் காட்டி, அது வேகத்துக்கு எதிரே தடைபோல நிற்கிறது என்று நிருபர்களிடம் சொல்லப்போக, பத்திரிகைகள் அதை வானத்தில் எழுப்பிய மதிலாக்கிவிட்டன. உவமை சொன்னவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது நம் தொழிலைச் சேர்ந்தவர்கள். வெடிச்சத்தமும் சுவர் உடையும் ஓசை அன்று. விமானம் ஒலியை முந்திப் பறக்கும் வரை அதன் பின்னே கூம்பு வடிவில் அதிர்வலை இழுபட்டுக்கொண்டே வருகிறது. கூம்பின் விளிம்பு யாரைக் கடக்கிறதோ அவர் காதில் மட்டும் அது ஒருமுறை வெடிக்கிறது. விமானத்தைச் சுற்றிச் சட்டென்று பூக்கும் வெண்மேகமும் சாட்சியாகாது. ஈரக்காற்றின் அழுத்தம் குறைந்து குளிரும்போது, ஒலிவேகத்தை எட்டுவதற்கு முன்பே அது தோன்றும்.

சுவரே இல்லையென்றால் கூட்டத்துக்கு முன்னால் ஒலியை முந்திப் பறக்க ஏன் விடுவதில்லை என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் 1969-இல் கனடாவின் கெலோனா நகரில் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையின் ‘புளூ ஏஞ்சல்ஸ்’ சாகசக் குழுவின் ஃபேன்டம் விமானம் ஒன்று, ஒத்திகையில் தவறுதலாக ஒலிவேகத்தைத் தாண்டித் தாழப் பறந்தது. எட்டுத் தெருவட்டாரங்களில் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கின. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலியை முந்துவதால் வரும் சேதம் கீழே இருப்பவருடையது. அதற்காகத்தான் தடை, சட்டப்புத்தகத்தில்.

ஃபார்ன்பரோவுக்குப் பின் பிரிட்டன் வகுத்த விதிகள் ஒலியை முந்துவதும் விமானம் உடைவதும் வெவ்வேறு ஆபத்துகள் என்பதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டவை. நேராகப் பறக்கும் ஜெட், கூட்டத்திலிருந்து 230 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டியிருந்தது. வளைந்து திரும்பிச் சாகசம் செய்வது 450 மீட்டர். உயரம் எப்போதும் 150 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது அன்றைய விதி. திரும்பும் விமானத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புத் தூரம் கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். உடையும் விமானத்தின் துண்டுகள் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே பாயும். மூக்கு கூட்டத்தை நோக்கியிருப்பதே ஆபத்து. டெரி இறந்த அன்றே, திடலை ஒதுக்கிச் சுத்தம் செய்த சற்று நேரத்தில், நெவில் டியூக் தன் ஹாக்கர் ஹன்டரில் ஏறி மீண்டும் ஒலியை முந்திக் காட்டினார். அதைத் துணிச்சல் என்றார்கள், துணிச்சல்தான். ஆனால் மேலே அவரைத் தடுக்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

அந்த விதிகள் டிக்கெட் வாங்கியவரைத்தான் காத்தன என்று ஒரு வாதம் உண்டு. அதை என்னால் மறுக்க முடியவில்லை. 2015 ஆகஸ்ட் 22 அன்று, தென் இங்கிலாந்தின் ஷோர்ஹாம் கண்காட்சியில், கரணம் அடிக்கப் போதிய உயரம் எடுக்காத ஒரு பழைய ஜெட், திடலுக்கு வெளியே ஏ-27 நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். ஒலிவேகத்தின் பாதியைக்கூட அது தொடவில்லை. அதுவும் ஒரு ஹாக்கர் ஹன்டர்.

(தொடரும்)