மருள் (தாவரம்)

மருள் என்பது இந்தியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வறண்ட காடுகளிலும் புதர்க்காடுகளிலும் மரநிழலில் வளரும் பல்லாண்டுத் தாவரம் ஆகும். தரைக்கு அடியில் படரும் கிழங்குத்தண்டால் பரவி நிலத்தை மூடுவதால், நிழல் மிகுந்த தோட்டங்களில் புல்லுக்கு மாற்றாக நடுவதற்கு ஏற்றது. மருள்கிழங்கு என்றும் இதனை அழைப்பர். நாரின் பயன் கருதி வில்நாண் சணல் என்ற பொருளுடைய பெயரும் ஆங்கிலத்தில் இதற்கு உண்டு.

பெயரும் வகைப்பாடும்

சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்சுபரோ (1751–1815) இதனை இலங்கையில் வளரும் இனமாகக் கருதி விவரித்தார். அது வேறு இனம் என்பது பின்னர் உணரப்பட்டு, 1829 ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே சான்செவியெரியா ராக்சுபர்கியானா என்று பெயரிடப்பட்டது. மரபணு ஆய்வுகள் சான்செவியெரியா பேரினத்தை டிராசீனாவிலிருந்து பிரிக்க இயலாது எனக் காட்டியதால், 2018 முதல் டிராசீனா ராக்சுபர்கியானா என்ற பெயரும் வழங்குகிறது. தோட்டக்கலை நூல்கள் பலவற்றில் பழைய பெயரே உள்ளது.

வடமொழி நூல்கள் கூறும் மூர்வா இதுவே என்று சிலர் கொள்வர். ஆனால் வேறு சில கொடிகளும் அப்பெயரில் மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றன. எனவே பெயரை மட்டும் நம்பி மருந்துக்கு வாங்குவது பாதுகாப்பானதன்று.

தோற்றம்

இலைகள் தண்டின்றி நேரே கிழங்கிலிருந்து கொத்தாக எழும். அவை தடித்தவை, குறுகியவை, உட்புறம் வாய்க்கால் போல் குழிந்தவை. பச்சை நிறத்தின் மேல் கரும்பச்சைக் குறுக்குப் பட்டைகள் காணப்படும். வெளிர்நிறப் பூக்கள் நீண்ட காம்பில் சிறு கொத்துகளாக மலரும்.

ஆப்பிரிக்க இனத்துடன் குழப்பம்

நாற்றங்கால்களில் "பாம்புச் செடி" என்று விற்கப்படுவது பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிராசீனா டிரைபாசியேட்டா ஆகும். நாட்டுத் தாவரம் என்று எண்ணி அதனை நடுவோர் பலர். அதன் இலை அகன்றது, ஏறக்குறையத் தட்டையானது, உயரமானது. மருளின் இலையோ குறுகியது, குழிந்தது. விளிம்பில் மஞ்சள் கோடு இருந்தால் அது உறுதியாக மருள் அன்று, ஆப்பிரிக்க இனத்தின் தோட்ட வகையே. அந்த இனம் புளோரிடாவிலும் பசிபிக் தீவுகள் சிலவற்றிலும் தோட்டங்களை விட்டு வெளியேறிப் பரவியுள்ளது. ஆகவே காட்டையொட்டிய நிலங்களில் நடும்போது இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

வாழிடம்

வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் காட்டுவகை சோழமண்டலக் கரையில் இன்று சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் பல ஊர்த்தெய்வங்களுக்கு உரிய கோயில்காடுகள். விழுப்புரம் மாவட்டம் புதுப்பட்டு, கடலூர் மாவட்டம் திருமாணிக்குழி ஆகிய இடங்களில் உள்ளவை ஆய்வாளர்களால் அறியப்பட்டவை. காசா, வீரை, பாலை முதலிய மரங்களின் நிழலில், உதிர்ந்த இலைகளுக்கு இடையே வளரும் தாவரங்களுள் மருளும் ஒன்று. இக்காடுகளின் பரப்பு மிகச் சிறிது என்பதால் தோட்டத்திற்காக அங்கிருந்து கிழங்கைத் தோண்டுவது தாவரத்தையே அவ்விடத்தில் இல்லாமல் செய்துவிடும். உள்ளூர் நாட்டுத் தாவர நாற்றங்கால்களிலோ, ஏற்கனவே வளர்ப்போரிடமோ கன்று பெறுவதே முறை. ஆரோவில்லில் இக்காட்டுவகையை மீட்டு வளர்க்கும் பணி பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது.

நிழல்தோட்டத்தில் வளர்த்தல்

வேம்பு, புங்கம் போன்ற மரங்களின் அடியில், வெயில் புள்ளிபுள்ளியாக விழும் இடம் இதற்கு உகந்தது. அடர்ந்த நிழலில் உயிர்வாழும்; ஆனால் அதிகம் பரவாது. கிழங்கைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலைக்கொத்து இருக்குமாறு, ஏறத்தாழ ஓர் அடி இடைவெளியில் நடலாம். இலைத்துண்டுகளும் வேர்விடும். துண்டின் வெட்டுவாயைச் சில நாட்கள் உலரவிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்குமாறு ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றினால் வேர் வராது. இம்முறையில் புதுக்கன்று தோன்றப் பல மாதங்கள் ஆகலாம்.

நீர் தேங்குவதே இதன் முதற்பகை. நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்தில் களிப்பாங்கான மண் உள்ள தோட்டங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிழங்கு அழுகக்கூடும். அத்தகைய இடங்களில் அரை அடி உயர்த்திய மேட்டுப்பாத்தியில், மணலும் இலைமக்கும் கலந்து நடுவது நலம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் உடைந்த ஓடுகளுக்குப் பஞ்சமில்லை. எனினும் தொட்டியின் அடியில் ஓடுகளை அடுக்கினால் வடிகால் கூடும் என்பது தவறான நம்பிக்கை. ஓட்டு அடுக்கின் மேலுள்ள மண்ணிலேயே நீர் நின்றுவிடும். துளையிலிருந்து மண் வெளியேறாமல் காக்க ஒரு துண்டு போதும். மண்கலவையே தளர்வாக இருக்கவேண்டும்.

வேர்பிடித்த பின் கோடையில் மிகக் குறைந்த நீரே போதுமானது. உதிரும் இலைகளைப் பெருக்கி அகற்றாமல் விடுவது ஈரத்தைக் காக்கும். மருளுடன் நீலாம்பரி, நன்னாரி, நிலவேம்பு ஆகியவற்றையும் நடலாம். நிலவேம்பு தானே விதை உதிர்த்து மீண்டும் முளைக்கும்.

பயன்கள்

இலையைச் சுரண்டியோ ஊறவைத்தோ எடுக்கப்படும் வெண்ணிற நார் கயிறு திரிக்கவும் முற்காலத்தில் வில்நாணுக்கும் பயன்பட்டது. கிழங்கு நாட்டு மருத்துவத்தில் இருமலுக்கு வழங்கப்படுகிறது. இவ்வினத்தின் நெருங்கிய உறவுகளில் சப்போனின் உள்ளதால், இலையைக் கடிக்கும் வளர்ப்பு நாய், பூனைகளுக்கு வாந்தி ஏற்படலாம்.